ரேட்டிங் வரும் மாதத்தில்

மார்ச் மாதம் அப்ரைசல் (வருடாந்திர வேலை மதிப்பீடு) படிவம் திறந்ததும் ஐடி அலுவலகங்களின் ஜெபக்கூட்டத்துக்குத் திடீரென்று ஆள் கூடும். மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, காலியாக இருக்கும் ஏதோ ஒரு மீட்டிங் ரூமில் பதினைந்து நிமிடம். ஜெபக்குறிப்பு கேட்டால் பாதிப் பேர் சொல்வது ரேட்டிங், அதாவது அந்த மதிப்பீட்டில் கிடைக்கும் தரம்தான்.

கேட்பதில் தப்பில்லை. இஎம்ஐ கட்டவேண்டும், பிள்ளைக்கு ஃபீஸ் இருக்கிறது. ஆனால் கேட்பது பணத்துக்காகவா, "நான் யார்" என்ற கேள்விக்குப் பதிலாகவா? கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பக்கத்து சீட்காரருக்கும் உங்களுக்கும் ஒரே ஹைக் (சம்பள உயர்வு), ஆனால் அவருக்கு ரேட்டிங் மட்டும் ஒரு படி மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று இரவு தூக்கம் போனால், விஷயம் இஎம்ஐ அல்ல.

அந்த எண் பிறக்கும் விதத்தையும் பார்க்கவேண்டும். பெல் கர்வ், அதாவது எந்த ரேட்டிங் எத்தனை பேருக்கு என்று முன்பே வகுத்த பங்கீடு, வைத்திருக்கும் இடத்தில் மேனேஜர் போட்ட மதிப்பெண் அப்படியே வராது. ரேட்டிங்குகளை அந்தப் பங்கீட்டுக்குள் அடக்கும் நார்மலைசேஷன் கூட்டத்தில் பல டீம்களின் பெயர்களும் ஒரே எக்செல் ஷீட்டில் வரும். மேல்தட்டில் இத்தனை பேர்தான் என்று முன்பே முடிவாகியிருக்கும். பத்துப் பேரும் நன்றாக உழைத்த டீமிலிருந்தும் யாரோ ஒருவர் கீழே இறங்கவேண்டும். வருட நடுவில் மேனேஜர் மாறியிருந்தால் உங்களுக்காகப் பேச அங்கே ஆளே இருக்காது. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் பிரபலமாக்கிய 20-70-10 பங்கீட்டின் (மேலே 20 சதவீதம், நடுவே 70, கீழே 10) வாரிசு இது. இதே வகைத் தரவரிசையை மைக்ரோசாஃப்ட் 2013-இல் கைவிட்டது. ஒரு கம்பெனி வேண்டாமென்று தூக்கிப்போட்ட கணக்கை இன்னொரு கம்பெனியின் ஊழியர் தன் ஆத்துமாவின் எடையாக எடுத்துக்கொள்கிறார்.

பழியை அலுவலகத்தின் மேல் மட்டும் போடவும் முடியாது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் நம் சபைகள் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வரும் வசனம் எது? "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்." உபாகமம் 28:13. இஸ்ரவேல் என்ற ஜனத்தோடு செய்த உடன்படிக்கையில், "கட்டளைகளைக் கைக்கொண்டால்" என்ற நிபந்தனையோடு வரும் வாக்கு அது. டீம் லீட் ஆவதைப் பற்றியதல்ல. அட்டையில் நிபந்தனைக்கு இடம் போதுவதில்லை. ஏப்ரலில் புரமோஷன் வாங்கியவர் சாட்சி சொல்ல மைக் முன்னால் வருவார். கிடைக்காதவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தன் விசுவாசத்தில் என்ன குறை என்று யோசிப்பார். அலுவலகத்தின் அளவுகோல் அப்படியே ஞாயிற்றுக்கிழமைக்கும் வந்துவிட்டது.

லூக்கா 10-ஐத் திறந்தால் அங்கேயும் ஒரு ரிவ்யூ நடக்கிறது. அனுப்பப்பட்ட எழுபது பேரும் சந்தோஷத்தோடே திரும்பி வந்து, பிசாசுகளும் எங்களுக்குக் கீழ்ப்படிகிறது என்கிறார்கள். டார்கெட்டுக்கு மேலேயே முடித்திருக்கிறார்கள். இயேசு அதை மறுக்கவில்லை. சாத்தான் மின்னலைப்போல விழுவதைக் கண்டேன் என்று உறுதிப்படுத்தவும் செய்கிறார். அதன் பிறகுதான், அதற்காகச் சந்தோஷப்படாமல், "உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள்" என்கிறார். கவனிக்கவேண்டிய சொல் "எழுதியிருக்கிறது". இனி எழுதப்போவதாகச் சொல்லவில்லை. தோற்றுத் திரும்பியவர்களுக்குச் சொன்ன ஆறுதலும் அல்ல இது. ஜெயித்து வந்தவர்களிடம் சொன்னது. உயர்ந்த ரேட்டிங் வாங்கியவருக்குத்தான் இந்த வசனம் முதலில் தேவைப்படும். இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தான் நதியிலும் இதே வரிசைதான். "இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்ற சத்தம் கேட்டபோது அவர் ஒரு அற்புதமும் செய்திருக்கவில்லை.

எதிர்ப்பக்கமும் ஒரு பள்ளம் இருக்கிறது. "எல்லாம் கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று செல்ஃப் அப்ரைசலை இரண்டு வரியில் முடிப்பவர்கள் உண்டு. பிறகு ஹைக் வரவில்லை என்று கசந்துபோவார்கள். அது விசுவாசம் அல்ல, சோம்பல். முடித்த ரிலீஸ்கள் எத்தனை, குறைத்த டிக்கெட்டுகள் எத்தனை என்று எண்களோடு எழுதுங்கள். சக ஊழியரின் வேலையை உங்கள் பெயரில் போடாதீர்கள். தவறிய டெட்லைனையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நடந்ததை மறைக்காமல் எழுத முடிவதே, படிவம் உங்கள் எஜமான் அல்ல என்பதற்கு அடையாளம். "கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்ற கொலோசெயர் 3:23-24 முதலில் அடிமைகளுக்கு எழுதப்பட்டது. ரோமச் சட்டப்படி சொந்தமாகச் சொத்துரிமை இல்லாதவர்களிடம், உங்களுக்குச் "சுதந்தரம்" உண்டு என்று பவுல் எழுதுகிறார். பழைய மொழிபெயர்ப்பில் சுதந்தரம் என்றால் விடுதலை அல்ல, பிள்ளைக்குச் சேரும் பங்கு.

இன்னொன்று, சின்ன விஷயம்போலத் தெரியும். ஆட்குறைப்பில் ஒருவர் போனால் காலையில் லேப்டாப் லாக் ஆகும், மதியத்துக்குள் ஐடி கார்டு வேலை செய்யாது. மாலையில் ஜெபக்கூட்டத்தின் ஃபெல்லோஷிப் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் "இப்போது அவர் எம்ப்ளாயி இல்லையே" என்று அட்மின் எடுத்துவிடுவார். அந்தக் குரூப்பில் மட்டுமாவது அவர் பெயர் இருக்கட்டும்.