ஆலையின் மின்சாரமும் லயத்தின் மண்ணெண்ணெயும்

எண்பதுகளின் பிற்பகுதியில், மலேசியாவில், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் மின்பிரிவைக் கவனிக்கும் சார்ஜ்மேனாக வேலை பார்த்தேன். குலையைப் பிழிந்தபின் எஞ்சும் நார், கொட்டை ஓடு ஆகியவற்றைக் கொதிகலனில் எரித்து, அந்த நீராவியால் சுழலியை ஓட்டி, ஆலை தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொண்டது. கூப்பிடு தூரத்தில் இருந்த லயத்துக்கோ, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கோ, டீசல் ஜெனரேட்டர்தான். அதுவும் மாலையில் சில மணி நேரம். அது நின்றதும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றுவார்கள். தோட்டம் தனியார் நிலம் என்பதால் அரசாங்கத்தின் கிராமப்புறத் திட்டங்கள் வாசலோடு நின்றன. தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் கோரும் சட்டம் 1966 முதலே இருந்தது; அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் 1990இல் வந்தது.

வளரும் நாடுகளின் அடிப்படை வசதிக் குறைவைப் பற்றிப் பேசுவோர் முதலில் பணத்தைக் குறிப்பிடுகிறார்கள். வளரும் ஆசியாவுக்கு 2016 முதல் 2030 வரை 26 டிரில்லியன் டாலர் தேவை என்று ஆசிய வளர்ச்சி வங்கி 2017இல் கணக்கிட்டது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இருக்கிற வசதி யாருக்காகப் போடப்பட்டது என்ற கேள்வியை எந்தத் தொகையும் தீர்த்துவிடாது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் ஓடத் தொடங்கிய நம் முதல் ரயில் ஈயத்தைத் துறைமுகம் சேர்க்கவே போடப்பட்டது; ஆப்பிரிக்காவில் சுரங்கத்தையும் துறைமுகத்தையும் இணைத்த காலனிக் காலப் பாதைகளின் கதையும் இதுதான்.

எங்கள் தோட்டத்துச் சாலையிலேயே இதைப் பார்க்கலாம். வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் அவிக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறி விலை இறங்கும் என்பதால், மழை விட்ட மறுநாளே லாரித் தடத்தில் சரளைக்கல் கொட்டிவிடுவார்கள். அதிலிருந்து லயத்துக்குப் பிரியும் தடத்தில் சக்கரம் புதையும் அளவுக்குச் சேறு கிடக்கும். பள்ளி வேன் சந்தியிலேயே திரும்பிவிடும். (நிர்வாகத்தைக் கேட்டால் ‘அடுத்த பட்ஜெட்டில்’ என்பார்கள்.) குலை கெட்டால் எவ்வளவு நட்டம் என்று அன்று மாலையே தோட்டத்துக் கணக்கரான கிராணி எழுதிவிடுவார், பிள்ளை பள்ளிக்குப் போகாததை எழுத அவர் பேரேட்டில் இடமில்லை.

பேரேட்டில் ஏறாத அந்த நட்டம் பிற்பாடு ஆலைக்கே வந்து சேர்ந்தது. மின்பிரிவுக்குப் பயிற்சியாளர்கள் தேவைப்பட்டபோது, லயத்துப் பையன்களில் யாரையாவது சேர்க்கலாம் என்று நான் சொன்னேன். கையில் நல்ல வேலைத்திறன் இருந்தும், விண்ணப்பத்தோடு இணைக்க எஸ்.ஆர்.பி. எனும் மூன்றாம் படிவத் தேர்வுச் சான்றிதழ் அவர்களில் பெரும்பாலோரிடம் இல்லை. நிர்வாகம் கிள்ளானிலிருந்து ஆள் எடுத்தது. வந்தவர்களும், இரவில் மின்சாரம் இல்லாத குடியிருப்பில் குடும்பத்தோடு தங்க முடியாது என்று சில மாதங்களில் வேலையை விட்டுப் போய்விட்டார்கள்.