கார்னகி நூலகத்தைத் தேசியப் பதிவேட்டில் சேர்த்த அனுபவம்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் நாங்கள் இருக்கும் ஊர் சின்னது. கடைத்தெரு முனையில் செங்கல்லும் சுண்ணாம்புக் கல்லுமாக ஒரு கார்னகி நூலகம், அதாவது எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் கொடையில் கட்டிய நூலகம், நிற்கிறது. மகளைக் கதை நேரத்துக்குக் கூட்டிப்போய் எனக்கும் பிடித்துப்போன கட்டடம். நூலகத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு இதை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கலாம் என்று பேச்சு கிளம்பியது. அப்போதுதான் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டுக்கு விண்ணப்பிக்க முடிவு செய்தோம். எழுதும் வேலை என்னிடம் வந்தது.

பதிவேட்டில் ஏறிவிட்டால் இடிக்கவே முடியாது என்று நானும் நம்பியிருந்தேன். அப்படி இல்லை. உரிமையாளர் சொந்தப் பணத்தில் இடித்தால் அந்தப் பட்டியலால் தடுக்க முடியாது. கூட்டாட்சி அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்டால் மட்டும் கட்டடத்துக்கு என்ன பாதிப்பு என்று ஆராய்ந்தாக வேண்டும். ஆனாலும் ஊர் அந்தக் கட்டடத்தைப் பார்க்கும் விதம் மாறும், சில மானியங்களும் கேட்கலாம். அது போதும் என்று இறங்கினோம்.

முதலில் சில படங்களும் சுருக்கமான வரலாறும் மாநிலப் பாரம்பரியப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்பினோம். தகுதி இருக்கிறது, முழுப் படிவம் தாருங்கள் என்றார்கள். நான் உற்சாகமாக ஆண்ட்ரூ கார்னகியைப் பற்றியே மூன்று பக்கம் எழுதினேன்: அமெரிக்காவில் 1,679 பொது நூலகங்கள், அதில் 164 இந்தியானாவில், வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. படிவம் திரும்பி வந்தது. பணம் கொடுத்தவர் பெரிய மனிதர் என்பது போதாது, இந்தக் கட்டடம் இந்த ஊருக்கு என்னவாக இருந்தது என்று எழுதுங்கள் என்றார் ஆய்வாளர். நியாயமான கேள்வி.

அப்புறம் நான்கு சனிக்கிழமைகள் இந்தியானாபொலிஸில் மாநில நூலகத்தின் மைக்ரோஃபிலிம் அறையில் பழைய செய்தித்தாள்களோடு கழிந்தன. கார்னகி கட்டடத்துக்குத்தான் பணம் கொடுத்தார். நிலம் ஊர் தர வேண்டும், கொடையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் வரிப்பணத்திலிருந்து செலவிடுவதாக உறுதியும் தர வேண்டும். 10,000 டாலர் வாங்கினால் வருடம் 1,000 டாலர். கார்னகி நிறுவனத்தின் ஆவணங்கள் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. எங்கள் ஊர்க் கடிதங்களின் நகல் அங்கிருந்து கிடைத்தது. முதல் கடிதத்தை எழுதியது ஊரின் பெண்கள் சங்கம். நாடு முழுக்கப் பெண்களுக்கு வாக்குரிமை உறுதியானது 1920இல்தான். வாக்களிக்க முடியாத அந்தப் பெண்கள் வீடு வீடாகப் போய், நூலகத்துக்கு வரி போடும்படி ஊர்மன்றத்தைச் சம்மதிக்க வைத்திருக்கிறார்கள். கார்னகி பக்கங்களை எல்லாம் அடித்துவிட்டு இதை எழுதினேன். படிவத்தில் நான் பெருமைப்படும் பகுதி இதுதான்.

கட்டட வர்ணனையில் ஜன்னல், கதவு, கூரை எதையும் விடக்கூடாது. பக்கச் சுவர் ஜன்னல்கள் ஏன் தலைக்கு மேலே இருக்கின்றன என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். கார்னகியின் செயலாளர் ஜேம்ஸ் பெர்ட்ராம் 1911இல் வெளியிட்ட குறிப்புகளில் விடை இருந்தது: ஜன்னலைத் தரையிலிருந்து ஆறடி உயரத்தில் வைத்தால், அதன் கீழே சுவர் முழுக்கப் புத்தக அலமாரி போடலாம். பிற்காலத்தில் போட்ட பொய்க்கூரையின் ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தபோது, பழைய சுதை வேலைப்பாடு அப்படியே இருந்தது! ஏணியில் நின்றபடியே கீழே இருந்தவர்களைக் கூப்பிட்டேன். பழைய அமைப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பார்கள், அதனால் இது பெரிய பலம். மாற்றிய அலுமினியக் கதவையும் மறைக்காமல் எழுதினோம்.

படங்களில் முகப்பை வண்டிகள் மறைத்ததால் ஒரு ஞாயிறு விடிகாலையில் மறுபடி எடுத்தோம். ஒவ்வொரு படத்துக்கும் எண்ணும், எந்தத் திசை நோக்கி எடுத்தது என்பதும் வரைபடத்தில் வேண்டும்.

மாநில மதிப்பாய்வுக் குழுவின் கூட்டத்தில் எங்கள் முறை பத்தே நிமிடத்தில் முடிந்தது. அங்கிருந்து, பதிவேட்டை நடத்தும் தேசியப் பூங்காச் சேவைக்குப் படிவம் போனது. அவர்களுக்கு 45 நாள் கெடு. ஆரம்பித்து ஒன்றேமுக்கால் வருடம் கழித்து, பதிவேட்டில் சேர்த்துவிட்டதாகக் கடிதம் வந்தது.

இடிக்கும் பேச்சு இப்போது ஓய்ந்திருக்கிறது. முன்பக்கப் படிகள் ஏற முடியாதவர்களுக்காகப் பின்பக்கம் ஒரு லிஃப்ட் வைக்க மதிப்பீடு கேட்டிருக்கிறோம்.