ஏழு பேர்ச்சுக்கு உறுதி எடுத்த கதை

அம்மா பெயரில் எங்கள் ஏழு பேர்ச் வீட்டுக் காணிக்கு உறுதி, அதாவது காணி சொந்தம் என்பதற்கான சட்டப் பத்திரம், கிடைத்து இரண்டு வாரமாகிறது. இலங்கை மலையகத்தில் எங்கள் தோட்டத்தில் பலரும் விசாரிப்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

லயத்தை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை) விட்டுத் தனி வீட்டுக்கு வந்தபோதே மேடை கட்டி, மாலை போட்டு ஒரு பத்திரம் கொடுத்தார்கள். அம்மா அதைக் கண்ணாடி போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வீட்டுக் கடனைப் பதினைந்து வருடம் சம்பளத்தில் பிடித்தார்கள். முடிந்ததும், தங்கச்சி படிப்புக்குக் கடன் கேட்டு அந்தப் பத்திரத்தோடு வங்கிக்குப் போனேன். அங்கிருந்தவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது உறுதி இல்ல. குடியிருக்கலாம்னு மட்டும்தான் இருக்கு." எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

உங்களிடம் இருப்பதையும் எடுத்துப் பாருங்கள். நில அளவைப் பட இலக்கமும் காணிப் பதிவகப் பதிவும் அதில் இருக்கிறதா?

தோட்டக் காணி அரசாங்கத்துடையது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனபோது காணியும் நீண்டகாலக் குத்தகைக்குப் போனது. நம்முடைய துண்டைக் கம்பனி கடிதம் கொடுத்து விடுவித்தால்தான் மற்ற வேலை நகரும். அந்த ஒரு கடிதத்துக்குப் பதினான்கு மாதம் அலைந்தேன். என் முதல் மனு காணாமலே போனது. கொடுக்கும் எல்லாவற்றின் பிரதியிலும் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். செக்ரோலில் (தோட்டத்தின் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று என்றால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று முதலிலேயே சத்தியக்கடதாசி முடித்துவிடுங்கள்.

அளக்க வந்த அன்று அம்மா மலைக்கு வேலைக்குப் போகவில்லை. ஏழு பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. சிவப்பு மை பூசிய நாலு கட்டை அடித்தார்கள். கட்டைக்குக் கட்டை நடந்து பார்த்துவிட்டு, "கொய்யா மரம் உள்ளுக்கு வருதாங்க ஐயா?" என்று அம்மா கேட்டார். வந்தது.

தாத்தா இந்த மலையில்தான் பிறந்தார். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தன் தகப்பன் இங்கே பிறந்ததற்குக் காட்ட அவரிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. நாடற்றவராகவே செத்தார். அதற்குப் பிறகு மேடைகளில் ஏழு பேர்ச் என்றார்கள், பத்து பேர்ச் என்றார்கள். அம்மா எதையும் நம்பியதில்லை.

உறுதியைக் கையில் கொடுத்ததும் அம்மா அதை முகர்ந்து பார்த்தார். இனித் தேவையில்லையே என்று கடன் பிடித்த பழைய சம்பளத் துண்டுகளை நான் அடுப்படிக்குக் கொண்டுபோக, கையைப் பிடித்து வாங்கிக்கொண்டார். இப்போது உறுதியும் அந்தத் துண்டுகளும் ஒரே தகரப் பெட்டியில் இருக்கின்றன.