ஏழுக்கு ஏழா, அஞ்சுக்கு நாலா?

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொல்லை வைத்திருக்கும் வீடுகளுக்குப் பழக்கமான சண்டை இது. பழைய மரத்தை எடுத்துவிட்டு ஒட்டுக்கன்று நடும்போது எவ்வளவு இடைவெளி விடுவது? அப்பா ஏழு மீட்டருக்கு ஏழு மீட்டர் என்பார், ஏக்கருக்கு 82 கன்று. மகன் அஞ்சுக்கு நாலு என்பான், ஏக்கருக்கு 200 கன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியை வேரோடு சாய்த்துப் போட்ட பிறகு, புதிதாக நட வேண்டியிருந்த வீடுகளில் இந்தப் பேச்சு இன்னும் சூடாகவே இருந்திருக்கும்.

பிடிவாதம் கூடாது என்று பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். அதனால் இந்த ஒரு சண்டையை வைத்தே பேசுகிறேன்.

இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்வது முடிவை மட்டும்தான். காரணம் இன்னும் உள்ளேயே இருக்கிறது. கேட்டால் அப்பா சொல்வார்: "நெருக்கி வச்சா ஏழெட்டு வருசத்துல கொப்பும் கொப்பும் முட்டிக்கும். வெயில் படுற நுனியிலதான் பூ வரும், உள்ள ஒண்ணும் இருக்காது. வருசா வருசம் கொப்ப வெட்டிக் கவாத்து பண்ண ஆளுக்கு எங்க போறது? மொத ரெண்டு மூணு வருசம் நடுவுல மல்லாட்ட (நிலக்கடலை) போடலாம்னா அதுவும் போச்சு." மகன் சொல்வான்: "ஒட்டுக்கன்னு மூணாம் வருசமே காய்க்க ஆரம்பிச்சிடும். மரம் சின்னதா இருக்கறப்ப 82 மரம் என்னத்தக் குடுக்கும்? பத்து வருசம் எவன் காத்திருக்கறது?"

இதில் யார் சொல்வதும் பொய் இல்லை. அப்பாவின் கண் பத்தாம் வருசத்தில் இருக்கிறது, மகனின் கண் நாலாம் வருசத்தில் இருக்கிறது. இது வெளியே வந்துவிட்டால் அடுத்த வழி தானாகத் தெரியும். இப்போதைக்கு நெருக்கி நடலாம். கிளைகள் முட்டத் தொடங்கியதும் ஒன்றுவிட்டு ஒன்றாக மரத்தை எடுத்துவிடலாம். விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு நடை போய் இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டுவிட்டு வரலாம். தனித்தனியாகப் போகக் கூடாது. போனால் அவரவருக்குச் சாதகமான பாதியை மட்டும் கொண்டுவருவார்கள்.

காரணத்தை எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறோம். "ஏன் ஒத்துக்க மாட்டேங்கறீங்க?" என்பது குற்றச்சாட்டு. அதற்கு மறுப்புதான் பதிலாக வரும். "அப்படிச் செஞ்சா என்ன ஆயிடும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், உள்ளே இருக்கும் பயம் பேச்சுக்கு வரும். வந்ததும் அதை அவர் சொன்ன மாதிரியே திருப்பிச் சொல்ல வேண்டும்: "ஆளு கெடைக்காம கவாத்து நின்னு போச்சுன்னா மொத்தக் கொல்லையும் நெழலடிச்சுப் போயிடும்னு சொல்றீங்க, சரியாப்பா?" அவர் வாயிலிருந்து "அதாண்டா சொல்றேன்" என்று வரும்வரை நம் கட்சியை எடுக்கவே கூடாது. கேட்பதற்குச் சுலபம், செய்வதற்கு மகா கஷ்டம். பெரும்பாலும் இரண்டு இடத்தில் கெடும். "நீங்க பழசையே புடிச்சிக்கிட்டு இருக்கீங்க" என்று சுருக்கிவிடுவது ஒன்று. அது அவர் சொன்னதே இல்லை, அவர்மேல் நாம் எழுதிய தீர்ப்பு. திருப்பிச் சொன்ன கையோடு, மூச்சு விடாமல் "ஆனா" போடுவது இன்னொன்று. அந்த ஒரு சொல்லில் அதுவரை கேட்டதெல்லாம் வீணாகிவிடும். திருப்பிச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் இன்னும் ஏதாவது சேர்ப்பார். முக்கியமான காரணம் பல நேரம் அந்த இரண்டாம் சுற்றில்தான் வரும்.

இதற்குப் பிறகும் ஒத்துப்போகவில்லை என்றால் மண்ணிடமே விட்டுவிடுங்கள். அரை ஏக்கர் அவர் சொன்னபடி, அரை ஏக்கர் இவன் சொன்னபடி. இரண்டு பக்கமும் ஒரே முந்திரி ரகம், வி.ஆர்.ஐ 3 என்றால் வி.ஆர்.ஐ 3 மட்டும், எருவும் ஒரே அளவு. நடுவதற்கு முன்பே எது நடந்தால் யார் மனதை மாற்றிக்கொள்வது என்று ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் எந்த முடிவு வந்தாலும் "அந்த வருசம் மழ சரியில்ல" என்ற ஒரே பதில்தான். தோற்றுப்போகும் பரிசோதனைகளைப் பார்த்தால் காரணங்கள் ஒரே மாதிரிதான் இருக்கும்: தன் பங்குக்கு நல்ல செம்மண்ணையும் எதிராளிக்கு ஓரத்துச் சரளையையும் ஒதுக்குவது, முதல் காய்ப்பைப் பார்த்துவிட்டே தீர்ப்பு சொல்வது, கொட்டை எடையை மட்டும் பார்த்துவிட்டுக் கவாத்துக் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. அப்பா பயந்ததே அந்தக் கூலிக்குத்தான்!

இவ்வளவும் செய்தும் மனசு இறங்கவில்லை என்றால் சிக்கல் முந்திரியில் இல்லை, நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டோமே என்பதில் இருக்கிறது. டீக்கடையில் வைத்துச் சொன்ன கருத்தை டீக்கடையில் வைத்தே உடைக்கப் பார்த்தால் எந்த மனிதனும் இறங்கி வர மாட்டான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பான். தனியாகப் பேச வேண்டும். அவர் மாறிய பிறகு "நான் அப்பவே சொன்னேன்ல" என்பதை வாழ்நாள் முழுக்க விழுங்கிக்கொள்ள வேண்டும். அதை ஒரு தடவை சொல்லிவிட்டால் அடுத்த முறை அவர் மாறவே மாட்டார்.

நாமே மாற வேண்டியிருந்தால் எப்படிச் சொல்வது? நம் மாவட்டத்திலேயே பெரிய முன்மாதிரி இருக்கிறது. 1873 அக்டோபர் 22 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் கூடியிருந்தவர்கள் முன்னால் வள்ளலார் பேசினார். ஒரு காலத்தில் தமக்குச் சைவ சமயத்தின்மேல் அளவிட முடியாத பற்று இருந்தது என்றார். தாம் முன்பு பாடிய பாடல்களே அதற்குச் சாட்சி என்றார். அப்போது தமக்கு இருந்த அறிவு அவ்வளவுதான் என்றும் சொன்னார். பழைய பாட்டை மறைக்கவும் இல்லை, அதற்கு வேறு அர்த்தம் கற்பிக்கவும் இல்லை. பழைய கருத்தைப் பழைய அறிவோடு சேர்த்து அங்கேயே விட்டுவிட்டு நகர்ந்தார். "அப்ப எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், இப்ப இது தெரியுது" என்று நாமும் சொல்லலாம். இதில் தலைகுனிவு எங்கே இருக்கிறது?

எல்லாவற்றிலும் இப்படி வளைந்து கொடுக்கச் சொல்லவில்லை. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய பிறகு கடலுக்குப் போகலாமா என்பது இரண்டு கருத்துள்ள விஷயமே அல்ல. தேவனாம்பட்டினத்திலும் வீராம்பட்டினத்திலும் அன்றைக்குப் "போகக் கூடாது" என்று பிடிவாதமாக நிற்பவர்தான் சரி.

கடைசியாக ஒன்று, இது வீட்டுக்குள் தினமும் நடப்பது. "சரி, உங்க இஷ்டம்." கேட்பதற்கு விட்டுக்கொடுத்த மாதிரி இருக்கும். உண்மையில் பேச்சை மூடிவிட்டுத் தன் கருத்தை அப்படியே உள்ளே பூட்டி வைப்பதுதான் அது. அப்படிச் சொன்னவர் கன்று நடும் நாளில் வேறு வேலை இருக்கிறது என்று போய்விடுவார், கவாத்துக்கும் வர மாட்டார். யாராவது "உங்க இஷ்டம்" என்றால் ஜெயித்துவிட்டதாக எழுந்து போகாதீர்கள். அரைமணி கழித்து, தனியாக, "இதுல உங்களுக்கு எது ஒப்பல?" என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்பார். கன்று வாங்கப் போவதை அன்றைக்கு ஒத்திவையுங்கள், மறுநாள் இன்னொரு தடவை கேளுங்கள்.