பொன்னாடை போர்த்தினால் பதக்கம் மறைந்துவிடும்

ஊரில் முன்னாள் படைவீரர்களுக்கு மரியாதை செய்து விழா நடத்துவதென்றால் முதல் கேள்வி எந்தத் தேதி என்பதுதான். ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள். இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953-ல் ஓய்வு பெற்ற தேதி அது. டெல்லிக்குச் சரியான தேதிதான். நம்ம கொங்குப் பக்கம் அன்றைக்குக் காப்புக்கட்டாக இருக்கும், இல்லையென்றால் பொங்கலாகவே இருக்கும். பூளைப்பூவும் வேப்பிலையும் ஆவாரம்பூவும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிற வீட்டுக்காரரைப் பள்ளிக்கூடத்து மேடைக்குக் கூப்பிட்டால், 'நோம்பி நாள்ல ஏனுங்க இது' என்றுதான் கேட்பார். வருகிறவர்களும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்துப் பலருக்கு நினைவு வருவது ஜூலை 26, கார்கில் வெற்றி நாள். அது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு எதிரே பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் திறந்தவெளியில் எதுவும் நிற்காது. மலர்வளைய ஸ்டாண்ட் சாயும், மெழுகுவத்தி அணையும், மைக்கில் காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஜூலையில் நடத்துவதென்றால் மண்டபத்துக்குள் நடத்துங்கள். சாமியானா போட்டே ஆகவேண்டுமென்றால் மேற்குப் பக்கத்தை மூடாதீர்கள். மூடினால் காற்றுக்கு அது பாய்மரம்.

மிச்சம் இருப்பவை டிசம்பர் 7-ம் 16-ம். 1949-லிருந்து டிசம்பர் 7 கொடிநாள். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று முப்படைக்கும் ஒவ்வொரு நிறம் வைத்த சின்னக் கொடியைச் சட்டையில் குத்தி நிதி திரட்டுவார்கள். டிசம்பர் 16 என்பது 1971-ல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த நாள். அது மார்கழி பிறக்கிற சமயம், பனி இருக்கும், காற்று இருக்காது. இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் கொங்கு ஊர்களுக்குத் தோது. வெளியூரில் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் இருக்கிற மகன்களும் அன்றைக்கு வீட்டில் இருப்பார்கள்.

பந்தல், சாப்பாடு எல்லாம் ஒரு வாரத்தில் முடிகிற வேலை. பெயர்ப் பட்டியலுக்குத்தான் இரண்டு மாதம் வேண்டும். ஆளுக்கு ஒரு தாள் போடுங்கள். படை எண், பதவி, ரெஜிமெண்ட் அல்லது கோர் (படைப்பிரிவு), சேர்ந்த வருடம், வெளியே வந்த வருடம், பதக்கங்கள், டிஸ்சார்ஜ் புக்கில் (பணி முடியும்போது பட்டாளத்தில் கொடுக்கிற புத்தகம்) உள்ளபடி பெயர். இந்தக் கடைசி விவரத்தில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கும். ஊர் கூப்பிடுகிற பெயர் வேறு, ஆதாரில் வேறு, பட்டாளத்தில் எழுதின பெயர் வேறு. இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் பின்னால் போட்டிருப்பார்கள், 'சாமி' தனிச்சொல்லாக நிற்கும், 'கவுண்டர்' ஒரு தாளில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. கல்வெட்டிலோ அழைப்பிதழிலோ எந்தப் பெயரைப் போடுவது என்பதை அந்தக் குடும்பத்தைக் கேட்டு, எழுதிக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் கேட்டு எழுதினால் ஒரு 'ச்' கூடும், ஒரு 'ச்' குறையும்.

காகிதம் ஒன்றுமில்லாத வீடுகளும் உண்டு. பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். பல பதக்கங்களில் எண், பதவி, பெயர் மூன்றையும் விளிம்பைச் சுற்றிப் பொறித்திருப்பார்கள். பூதக்கண்ணாடியும் சாய்வான டார்ச் வெளிச்சமும் போதும். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து தேயும். ரிப்பன் நைந்துபோயிருந்தால் அதன் நிறவரிசையைப் போட்டோ எடுத்து வையுங்கள். எந்தப் போருக்கான பதக்கம் என்பதை அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

இரண்டு உலகப் போர்களில் இறந்தவர்களைத் தேட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவு உதவும். அதில் பலருக்கு அப்பா பெயரும் ஊரும் தாலுகாவும் இருக்கும். ஆனால் திருப்பூர் என்றோ ஈரோடு என்றோ மாவட்டப் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்காது. ஈரோடு தனி மாவட்டமானது 1979-ல், திருப்பூர் 2009-ல். 1979-க்கு முன்னால் கோபி, பவானி, தாராபுரம், அவிநாசி எல்லாமே கோயமுத்தூர் ஜில்லா. நாமக்கல் 1997 வரைக்கும் சேலம். 'பாளையம்' என்பதை வெள்ளைக்காரக் குமாஸ்தாக்கள் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். அதனால் ஊர்ப்பெயரின் முதல் நாலு எழுத்தை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். 1947-க்குப் பிறகு போரிலும் ராணுவ நடவடிக்கைகளிலும் இறந்தவர்களின் பெயர்கள் டெல்லி தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் இருக்கின்றன. அது திறக்கப்பட்டது 2019 பிப்ரவரி 25-ல்.

யாரைச் சேர்ப்பது என்பதில் ஊருக்குள் பேச்சு வரும். துப்பாக்கி பிடித்தவரைத்தான் சேர்க்கணும் என்று ஒருவர் சொல்வார். டிரைவர், சமையல்காரர், துணி வெளுத்தவர், ஆஸ்பத்திரி உதவியாளர், பயனியர் கோரில் ரோடு போட்டவர், எல்லாரும் பட்டாளத்துச் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள்தான். அதே போல 1987-லிருந்து 1990 வரை இலங்கைக்கு அனுப்பப்பட்ட அமைதிப்படையில் இருந்தவர்களை மேடையில் பலரும் விழுங்கிவிடுவார்கள். காரணம் தெரிந்ததுதான். அங்கே அனுப்பியது சரியா தப்பா என்பது அரசாங்கத்தைக் கேட்க வேண்டிய கேள்வி. போன சிப்பாயைப் பட்டியலிலிருந்து எடுப்பதற்கு அது காரணமாகாது. பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25-ல் உயிர்விட்டது அந்த மண்ணில்தான்.

பணியில் இறந்தவர்கள், ஓய்வு பெற்று வீட்டில் இறந்தவர்கள், இருக்கிறவர்கள் என்று மூன்று பட்டியல் தனித்தனியாக வேண்டும். ஒன்றாகக் கலந்து வாசித்தால் உயிரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு மௌன அஞ்சலி நடந்துவிடும். பிளக்ஸில் 'தியாகி' என்ற சொல்லும் வேண்டாம். நம்ம ஊரில் அது சுதந்திரப் போராட்டத் தியாகிகளுக்கென்று நிலைத்துவிட்ட சொல். பதவி எழுதும்போது 'சுபேதார் இன்னார் (ஓய்வு)' என்று ஓய்வைக் கடைசியில் போடுங்கள். 'ஓய்வுபெற்ற சுபேதார் இன்னார்' என்று எழுதினால் அவர்களுக்கு உறுத்தும். ஆள்தான் ஓய்வு பெறுகிறார், பதவி ஓய்வு பெறுவதில்லை என்பது பட்டாளத்துக் கணக்கு.

இனி மேடை. கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் பழகின கையோடு இதை நடத்துவதால்தான் பாதிக் கோளாறு. பொன்னாடையையே எடுத்துக்கொள்ளுங்கள். பதக்கம் குத்துவது இடப்பக்க மார்பில். அவர் பீரோவிலிருந்து எடுத்து, துடைத்து, வரிசை பார்த்துக் குத்திக்கொண்டு வந்ததை நாம் ஒரு ஜரிகைத் துணியைப் போட்டு மூடிவிடுகிறோம். ஜரிகை நூல் ஊக்கில் மாட்டிக்கொண்டு, எடுக்கும்போது ரிப்பன் கிழிவதும் உண்டு. துணி கொடுக்கத்தான் வேண்டுமென்றால் சென்னிமலைப் போர்வை ஒன்றை மடித்துக் கையில் கொடுங்கள், மார்கழிக்கு ஆகும். இறந்துபோன வீரரின் பதக்கத்தை மனைவியோ மகனோ அணிவதாக இருந்தால் வலப்பக்கம் குத்துவது மரபு. போட்டோகிராபர் தெரியாமல் 'இந்தப் பக்கம் குத்துங்க' என்று மாற்றிவிடாதபடி முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

1971-ல் 20 வயது என்றால் பிறந்தது 1951-ல். அந்த வயதுக்குக் கணக்குப் போட்டு ஏற்பாடு செய்யுங்கள். கைப்பிடி உள்ள நாற்காலி வேண்டும், ஊன்றி எழ முடியாவிட்டால் ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் தூக்க வேண்டிவரும். கழிப்பறை 50 அடிக்குள் இருக்கட்டும். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் இருப்பார்கள் என்பதால் 8 மணிக்கு டிபன், 9-க்குத் தொடக்கம், 10-க்கு முடிவு. சிறப்பு விருந்தினர் வரவில்லையென்றாலும் 9-க்குத் தொடங்கிவிடுங்கள். நேரத்துக்கு வருவதை வாழ்க்கையாக வைத்திருந்தவர்கள் 8:45-க்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள். அதிர்வேட்டு வேண்டவே வேண்டாம். பீரங்கிக்குப் பக்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஏற்கெனவே காது போயிருக்கும், சிலருக்கு அந்தச் சத்தத்தில் வேறு நினைப்பும் வரும். காது மந்தமானவர்கள் மைக்கில் கூப்பிடுவதைக் கவனிக்க மாட்டார்கள், ஒருவருக்கு ஒரு மாணவரைத் துணைக்கு விடுங்கள்.

மலர்வளையத்துக்கு 2 அடி அகலம் போதும். மூங்கில் வளையத்தில் வைக்கோல் பிரி சுற்றி, அதன்மேல் ஏறக்குறைய 2 கிலோ செண்டுமல்லி, இடையில் சம்பங்கி. டிசம்பர் பனியில் சத்தியமங்கலம் மல்லி விலை ஏறிக் கிடக்கும், அதைத் தேடிப்போக வேண்டியதில்லை. 3 அடி வளையம் போட்டோவில் நன்றாக இருக்கும். ஆனால் தண்ணீர் தெளித்த வைக்கோலோடு அதைத் தூக்க வயதானவரால் ஆகாது. இரண்டு மாணவர்கள் சுமந்து வர, வைப்பவர் கைவைத்துச் சேர்த்தால் போதும். வைத்தபின் ஓரடி பின்வாங்கி, நிமிர்ந்து நின்று வணங்கித் திரும்ப வேண்டும். ஸ்டாண்டின் பின்காலை நன்றாகப் பின்னுக்கு விரித்து வைத்தால் முன்னால் கவிழாது. புலியோடு மோதினவருக்கு நட்ட புலிகுத்திக் கல் மாதிரியான நடுகல் முன்னால் செருப்பைக் கழற்றுவது நம் வழக்கம். ஷூ போட்டு அணிவகுப்பு முறையில் வருகிற முன்னாள் வீரரை அதற்காகத் தடுக்காதீர்கள், அவர்கள் மரபு அது. முழங்கால் வலியோடு குனிந்து நாடாவை அவிழ்க்க வைப்பது மரியாதையில் சேராது.

முதல் வளையம் யார் கையால் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: பணியில் இறந்தவரின் மனைவி அல்லது தாய். விருந்தினர் அதற்குப் பிறகு. கணவரை இழந்தவரைக் குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிட ஊரில் இன்னும் சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் உள்ள ஊரில் குத்துவிளக்கை எடுத்துவிட்டு மலர்வளையத்தில் தொடங்குங்கள். அவரிடம் முந்தின நாளே வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும். திடீரென்று மைக்கில் பெயரைச் சொல்லி அழைத்தால் நடந்து வருவதற்குள் உடைந்துபோவார்.

மௌனம் இரண்டு நிமிடம் என்றால் 120 விநாடி. பெரும்பாலான ஊர்களில் 35, 40-ல் 'நன்றி, அமரலாம்' வந்துவிடுகிறது, ஏனென்றால் மைக் பிடித்தவருக்குச் சும்மா நிற்க முடிவதில்லை. கடிகாரத்தை ஒரு முன்னாள் வீரரிடம் கொடுத்து, அவர் கை அசைத்த பிறகுதான் மைக் என்று வைத்துக்கொள்ளுங்கள். மௌனத்துக்கு முன் லாஸ்ட் போஸ்ட், பின் ரவுஸ். இரண்டும் பியூகிள் என்கிற ராணுவ ஊதுகொம்பில் வாசிக்கிற இசை. என்சிசி உள்ள பள்ளி, கல்லூரியில் பியூகிள் வாசிப்பவர் இருந்தால் கடிதம் கொடுத்துக் கேளுங்கள். பதிவைப் போடுவதென்றால் போனில் இறக்கி வைத்து, ஏரோபிளேன் மோடில் போட்டு, வயர் வழியாக இணையுங்கள். யூடியூபில் நேராகப் போட்டு, நடுவில் சோப்பு விளம்பரம் வந்தால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

தேசியக் கொடி ஏற்றினால் முழுக் கம்பத்தில்தான். அரைக்கம்பம் அரசு அறிவிக்கும்போது மட்டும், நாமாக இறக்கக் கூடாது. வேகமாக ஏற்றி, மெதுவாக இறக்க வேண்டும். பெயர்ப் பலகையைத் திறக்கும் முன் மூவர்ணக் கொடியால் மூடுவது கொடிச் சட்ட விதிப்படி தவறு, வெள்ளைத் துணி போதும். மேசை விரிப்புக்கும் அதேதான். கொடிக்குள் பூ வைப்பதென்றால் ஒரு கைப்பிடி உதிரி இதழ். முழுப் பூவாக அடைத்தால் முடிச்சு இறுகும், இழுத்தாலும் விரியாது. முந்தின நாள் அதே கயிற்றில் மூன்று தடவை இழுத்துப் பாருங்கள்.

ஓரத்தில் ஒரு மேசை, ஒரு லேப்டாப், விவரம் தெரிந்த ஒருவர். பேச்சுகளைவிட இதற்குத்தான் மதிப்பு. வருகிறவர்கள் டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (ஓய்வூதிய ஆணை), தன் ஆதார், மனைவி ஆதார், பேங்க் பாஸ்புக் கொண்டுவரும்படி அழைப்பிதழிலேயே போடுங்கள். மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அவர் இருக்கும்போதே திருத்திவிட வேண்டும். இல்லையென்றால் பின்னால் குடும்ப ஓய்வூதியம் அதில்தான் நிற்கும். திருத்தம் போவது அவரவர் படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் பிரிவுக்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்கிற தகவல்தொடர்புப் பிரிவுக்கு ஜபல்பூர், வண்டி, ஆயுதம் பழுதுபார்க்கிற இ.எம்.இ-க்குச் செகந்திராபாத். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால் கடிதத்துக்கு ஒரு தடம் இருக்கும். உயிர்வாழ் சான்றுக்குக் கைரேகை விழாதவர்கள் நிறையப் பேர் வருவார்கள். ஓய்வுக்குப் பிறகு முப்பது வருடம் காடு தோட்டத்தில் பாடுபட்ட விரலில் ரேகை தேய்ந்திருக்கும். முகத்தை வைத்துப் பதிகிற செயலி இருக்கிறது, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிப் பதியுங்கள்.

முடிந்ததும் பட்டியலில் ஒரு பிரதி பள்ளியில், ஒன்று பஞ்சாயத்து ஆபீசில். அடுத்த வருடம் அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன், நவம்பரிலேயே, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போன். போன வருடம் வந்திருந்தவர் இப்போது இல்லாமல் இருக்கலாம். அவர் பெயருக்கே பத்திரிகை போய்ச் சேர்ந்தால், அதை வாங்கிப் படிப்பது அவர் மனைவியாக இருக்கும்.