இரண்டு போத்தல் வெடித்த பிறகு கிடைத்த இஞ்சி பியர்

இரவு பதினொரு மணி இருக்கும், சாமான் அறைக்குள் டமார் என்று ஒரு சத்தம். ஓடிப்போய் லைட்டைப் போட்டேன். சுவரெல்லாம் இஞ்சித் தண்ணீர், அரிசிச் சாக்கின் மேல் கண்ணாடித் துண்டுகள். நான் வாசலில் நிற்கும்போதே இரண்டாவது போத்தலும் வெடித்தது. அன்று பின்னேரம் அக்காவின் ஐந்து வயது மகன் அந்த அறைக்குள்தான் ஒளித்து விளையாடினான். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.

சித்திரை வருடப்பிறப்புக்குக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே இஞ்சி பியர் செய்ய நினைத்தேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் இஞ்சியும் தேசிக்காயும் வாங்கியது, இடித்து அவித்தது எல்லாம் சுலபமாக முடிந்தது. பிழைகள் ஈஸ்டில் தொடங்கின.

முதல்முறை, அடுப்பால் இறக்கிய சாறு ஆறும்வரை காத்திருக்காமல் ஈஸ்டைத் தூவிவிட்டேன். இரண்டு நாளாகியும் ஒரு குமிழ் கூட வரவில்லை. பழைய ஈஸ்டைத் தந்துவிட்டார் என்று கடைக்காரரிடம் கோபப்பட்டேன். பிழை என்னுடையது. ஈஸ்ட் உயிருள்ள பொருள், 60 பாகைச் சூட்டில் செத்துப்போகும். விரலை விட்டுப் பார்த்தால் இளஞ்சூடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சந்தேகமென்றால் கொஞ்சம் வெதுவெதுப்பான சீனித் தண்ணீரில் ஈஸ்டைப் போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். நுரைக்காவிட்டால் அந்தப் பைக்கற்றை எறிந்துவிடுங்கள். ஒரு கிலோ சீனி மிஞ்சும்.

இரண்டாம்முறை ஈஸ்ட் நன்றாகவே வேலை செய்தது. ஒரு நாள் துணி கட்டி வைத்து, வடித்து, பழைய கோடியல் போத்தல்களில் கழுத்துவரை நிரப்பி, இறுக்கி மூடினேன். நான் பார்த்த குறிப்பில் ‘அறை வெப்பநிலையில் 3 நாள்’ என்று இருந்தது. அது குளிர்நாட்டில் எழுதிய குறிப்பு. அவர்களுடைய அறை 20 பாகை. சித்திரையில் எங்கள் சாமான் அறை 32 பாகைக்குக் குறையாது. பத்துப் பாகை ஏறினால் புளிக்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். இரண்டாம் நாள் இரவே கண்ணாடி தாங்கவில்லை. மிச்ச இரண்டு போத்தலையும் ஈரச் சாக்கால் சுற்றி முற்றத்துக்குக் கொண்டுபோய், முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியைத் தளர்த்தினேன். அப்படி யாரும் செய்ய வேண்டி வரக்கூடாது.

காலையில் பக்கத்து வளவுப் பெரியப்பா வந்து பார்த்தார். அந்தக் காலத்தில் பனை சீவியவர். "கள்ளுப் போத்தலை ஆரும் இறுக்கி மூடுவினமே, தம்பி?" என்று கேட்டார். பனையில் கட்டும் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் புளிக்காத கருப்பநீர், பூசாவிட்டால் புளித்துக் கள்ளு என்பது எனக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். புளிக்கிற எதற்கும் காற்று போக வழி வேண்டும் என்பது மட்டும் உறைக்கவில்லை.

மூன்றாம்முறை பிளாஸ்ரிக் சோடாப் போத்தல்தான். இரண்டு லீற்றருக்கு 100 கிராம் இஞ்சி, 200 கிராம் சீனி, கால் தேக்கரண்டிக்கும் குறைவாக ஈஸ்ட், இரண்டு தேசிக்காய். மேலே நாலு விரல் இடம் விட்டேன். மணிக்கணக்கை மறந்து போத்தலை அமத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னேரம் ஆறு மணிக்கு மூடியது, அடுத்த நாள் மத்தியானம் விரல் பதியாத அளவுக்கு இறுகிவிட்டது. உள்ளே போட்ட பிளம்ஸ் (உலர்திராட்சை) எல்லாம் மேலே மிதந்தன. அம்மா சொன்ன பழைய அடையாளம் அதுதான். உடனே பிரிட்ஜுக்குள் வைத்தேன்.

பிரிட்ஜ் ஈஸ்டைக் கொல்லாது, மெதுவாக்கும். அதனால் தினமும் ஒருமுறை மூடியைத் தளர்த்திக் காற்றை விடுங்கள், நாலைந்து நாளுக்குள் குடித்து முடியுங்கள். நாள் கூடக்கூட மதுவும் ஏறும். பிள்ளைகளுக்கு அதில் கொடுக்கவில்லை. ஈஸ்ட் போடுவதற்கு முன்பே எடுத்து வைத்த சாற்றில் சோடா கலந்து கொடுத்தோம்.

வருடப்பிறப்பன்று முதல் போத்தலைத் திறந்தபோது ‘உஸ்ஸ்’ என்று வந்த சத்தத்துக்கே வீட்டில் எல்லோரும் கை தட்டினார்கள். பெரியப்பா இரண்டு கிளாஸ் குடித்தார், அடுத்தமுறை இஞ்சியை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னார்.