வடக்கன்குளத்தில் இல்லாத சுவர்

புனிதர் தேவசகாயம் வாழ்ந்து மறைந்த இடங்களைத் தேடிக் குமரிப் பக்கம் போய்விட்டு, நேற்று இரவுதான் வீடு வந்து சேர்ந்தேன். கால் வலி குறைந்துவிட்டது, ஆட்டோக்காரர் மீதான கோபம் குறையவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆரல்வாய்மொழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, அவர் உயிர் துறந்த காற்றாடிமலைக்கு எவ்வளவு என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன். மலையேற்றம், பாதை மோசம், 300 ரூபாய் என்றார். ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் இறக்கிவிட்டார். அரை மணி நேரம் காத்திருந்ததற்குத் தனியாக 200 கேட்டார். கொடுத்துத் தொலைத்துவிட்டு நடந்தே திரும்பினேன், வியர்வை துடைப்பதற்குள் பஸ் நிறுத்தம் வந்துவிட்டது. மூன்று நாளைக்கு 2,500 ரூபாய் என்று எண்ணி எடுத்துப் போன எனக்கு அந்த 500 ஒன்றரை நாள் சாப்பாடு. தயவுசெய்து நடந்து போங்கள்.

ஆனால் அந்த இடம்! கணவாய்க் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலைகள். 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயத்தை இங்கேதான் சுட்டுக் கொன்றார்கள். பிறந்தது 1712-இல், நட்டாலத்தில். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி. குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாய் மூலம் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745-இல் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றார். அதன்பின் சாதி பாராமல் எல்லோரோடும் பழகினார். அவர் மீது மேல்சாதியார் கொண்ட பகைக்கு அதுவும் ஒரு காரணம் என்று திருச்சபை சொல்கிறது. எருமை மேல் உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்று அவமானப்படுத்தினார்கள்.

மலையில் மணியடிச்சான் பாறை இருக்கிறது. சிறு கல்லால் தட்டினால் வெண்கல மணி போல ஒலிக்கிறது. அவர் உயிர் பிரிந்தபோது மேலிருந்து பெயர்ந்து விழுந்த பாறை என்பது மக்கள் நம்பிக்கை. பலர் தட்டித் தட்டி அதன் மேல் சிறு குழிகள் விழுந்திருக்கின்றன. நானும் மூன்று முறை தட்டினேன். மூன்றாம் முறை கை நடுங்கியது.

நாகர்கோவிலில் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அவருடைய கல்லறை. அங்கே ஒரு மணி நேரம் அமைதியாக உட்கார முடிந்தது. வெளியே கடையில் ஒரு படம் வாங்கப் போனேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் கொட்டை எழுத்தில் 'தேவசகாயம் பிள்ளை'. வாங்காமல் வைத்துவிட்டேன். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது அந்தப் பெயரில் 'பிள்ளை' இல்லை. குருவோ துறவியோ அல்லாத இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவர். சாதிப் பெயரை நீக்குங்கள் என்ற கோரிக்கையை வத்திக்கான் ஏற்றுக்கொண்டது. ரோமாபுரியில் கழன்றுபோன வால் கோட்டாற்றுக் கடையில் ஒட்டிக்கொண்டிருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த எரிச்சலை ஆற்றியது மதியச் சாப்பாடு. மசித்த மரவள்ளிக்கிழங்கு, மேலே தேங்காய் அரைத்துவிட்ட சாளை மீன் குழம்பு, 90 ரூபாய். வாழை இலையில் குழம்பு ஓடாமல் கிழங்கால் கரை கட்டிச் சாப்பிட வேண்டும் என்று பரிமாறிய அக்கா சொல்லிக் கொடுத்தார். இரண்டாம் முறை குழம்பு கேட்டபோது மீனும் சேர்த்தே ஊற்றினார். இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு மேல் கிடைத்தது அங்கே மட்டும்தான்.

மறுநாள் வடக்கன்குளம். காவல்கிணறு வரை பஸ் உடனே கிடைத்தது, அடுத்த பஸ்ஸுக்கு நிழலே இல்லாத இடத்தில் 1 மணி 20 நிமிடம் நின்றேன். திருத்தலப் பயணம் போகிறவர்கள் பலர் இந்த ஊரைத் தவிர்த்துவிடுகிறார்கள். எனக்கு ஆற்றாமை அதில்தான். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்றதே இங்கே. அவர் மனைவி ஞானப்பூ அம்மாள் அடக்கமாகியிருப்பதும் இங்கே.

இதே ஊரில்தான் 1872-இல் 'கால்சட்டைக் கோயில்' எழுந்தது. பீடம் ஒன்று, அதிலிருந்து விரியும் கூடங்கள் இரண்டு. வேளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று, நடுவே சுவர். ஒரே திருப்பலி, ஒரே அப்பம், ஆனால் உண்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிடக் கூடாது. யூதர் என்றும் கிரேக்கர் என்றும் இல்லை, அடிமை என்றும் உரிமைக் குடிமகன் என்றும் இல்லை என்று பவுல் எழுதிய வரிகளை அந்தச் சுவருக்கு இரு புறமும் வாசித்திருப்பார்கள். 1910-இல் திருச்சபையே சுவரை இடித்தது. வேளாளர் வழக்குத் தொடுத்தார்கள், மதராஸ் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். சுவர் மறுபடி எழவில்லை.

சமூக நீதிக்கான இறையியல் என்றால் 1891-இல் போப் பதின்மூன்றாம் லியோ தொழிலாளருக்காக எழுதிய சுற்றுமடலில் தொடங்குவார்கள். நான் கடப்பாரையில் தொடங்குவேன். ஒரே அப்பத்தைப் பகிரும் நற்கருணையை நம்புகிறவர் நடுவில் சுவரை வைத்துக்கொள்ள முடியாது. அதோடு வேலை முடிந்ததா? இல்லை. தலித்துகளுக்குத் தனிக் கல்லறை இன்றும் சில பங்குத் திருச்சபைகளில் இருக்கிறது. சபைக்குள் தீண்டாமை உண்டு என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் (பிஷப்) பேரவையே 2016-இல் தன் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் கிடைத்தது, இவர்களுக்கு இன்னும் இல்லை. அரசிடம் அதைக் கேட்கும் ஆயர்கள் தங்கள் கல்லறைச் சுவர்களையும் இடிக்க வேண்டும்.

கோயிலுக்குள் போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. வலப்பக்கக் கூடத்தில் ஒரு பாட்டி செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை காத்திருந்து, எப்போதும் இந்தப் பக்கம்தான் உட்காருவீர்களா என்று கேட்டேன். என் நெஞ்சு படபடத்தது.

"ஆமாம் மக்களே" என்றார். "இந்தப் பக்கம்தான் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது."